சீட்டு போட்டவர்கள் மட்டுமே கணக்கில்

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 967 பெண் குழந்தைகள். ஏறக்குறைய சரிபாதி. ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிள்ளைகளை மட்டும் எண்ணினால் இந்தச் சரிபாதி கலைந்துவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையில் பெண்களைவிட ஆண் பிள்ளைகள் 3.4 மடங்கு.

இதில் உடற்கூறு பாதி, நம் பார்வை பாதி என்று சொல்லத் தோன்றுகிறது. அளவு யாருக்கும் தெரியாது. ஆனால் 2017-இல் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஒரு தடயம் கிடைத்தது. மருத்துவப் பதிவுகளை நம்பிய ஆய்வுகளில் ஒரு பெண்ணுக்கு நான்குக்கும் மேற்பட்ட ஆண்கள். ஆய்வாளர்களே பிள்ளைகளைத் தேடிப்போன இடங்களில் மூன்று பேருக்குச் சற்றே மேல்தான். பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் சிறுமியை ‘அமைதியான பொண்ணு’ என்று பாராட்டி அனுப்பிவிடுகிறோம்.

ஆரம்பமே அப்படித்தான். 1943-இல் பால்டிமோரில் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் என்று விவரித்த 11 பிள்ளைகளில் எட்டுப் பேர் ஆண்கள். பெற்றோரில் பலர் மெத்தப் படித்தவர்கள். படித்த வீட்டுக் கோளாறு என்ற எண்ணம் பிறந்தது. பாசமற்ற தாய்தான் காரணம் என்ற கொடுமையான பழியும் பின்னால் வந்து சேர்ந்தது. அந்த மருத்துவரின் வாசலைத் தேடிவர அன்று வசதியும் விவரமும் வேண்டியிருந்தன என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1980-இல்தான் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங், லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பிள்ளைகளைக் கொண்டு, இந்த வர்க்கத் தொடர்பு ஆளைப் பொறுக்கிய விதத்தில் விளைந்ததா என்று கேட்டார். எல்லோருக்கும் மருத்துவம் கிடைக்கும் ஸ்டாக்ஹோமைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வில், வருமானம் குறைந்த வீடுகளில்தான் ஆட்டிசம் கூடுதலாக இருந்தது.

புதுச்சேரியில் இது இன்னும் சிக்கல். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை வாசலில் நிற்பவர்களில் விழுப்புரம், கடலூர்க்காரர்கள் ஏராளம். அங்கே சீட்டு போட்ட பிள்ளைகளின் பட்டியலை ‘புதுச்சேரிக் குழந்தைகள்’ என்று தலைப்பிட்டால் அது தவறு. கட்டணம் குறைந்த பெரிய அரசு மருத்துவமனைக்கு ஏழைகள் அதிகம் வருவார்கள். வறுமைக் கோட்டுக்கு மேலுள்ள மஞ்சள் ரேஷன் அட்டைக் குடும்பம் தனியார் கிளினிக்கையோ சென்னையையோ நாடக்கூடும். கானரின் பட்டியலில் வசதியானவர்கள் மிகுந்தார்கள். இங்கே வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள சிவப்பு அட்டைக்காரர்கள் மிகுந்தால் அதுவும் அதே பிழையின் மறுபக்கம். நம் ஆய்வேடுகளில் தவறாமல் இடம்பெறும் குப்புசாமி அளவுகோல், குடும்பத்தலைவரின் படிப்பு, வேலை, குடும்பத்தின் வருமானம் மூன்றையும் கூட்டி வகுப்புப் பிரிக்கும். வராத வீட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், சில குடும்பங்களில் பிரெஞ்சு. பிள்ளை மூன்று வயதிலும் பேசாவிட்டால் ‘ரெண்டு மூணு மொழி கேட்டுக் குழம்பிடுச்சு, ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்று பாட்டி சமாதானம் சொல்வார். பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாததும் எந்த மொழியிலும் ஒன்றுதான். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான 20 கேள்விப் பட்டியலில் இவை இரண்டும் இருக்கின்றன. அந்த வயதைக் கோட்டைவிட்டால் ‘கண்டறியப்பட்ட சராசரி வயது’ என்று அட்டவணையில் ஏறுவது பெற்றோர் காத்திருந்த காலமும் சேர்ந்ததுதான்.

இந்தியாவில் வீடு தேடிப் போன பெரிய முயற்சி 2018-இல் வெளியானது: பல்வல், காங்ரா, தேன்கனால், ஐதராபாத், வடக்கு கோவா ஆகிய ஐந்து இடங்களில், 2 முதல் 9 வயதுவரை 3,964 பிள்ளைகள். தமிழ் பேசும் பகுதி ஒன்றுகூட அதில் இல்லை. புதுச்சேரியில் அப்படி ஒன்று நடத்துவதானால் நகரத்தோடு காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றையும் சேர்க்க வேண்டும். அதாவது தமிழோடு மலையாளத்திலும் தெலுங்கிலும் கேள்வித்தாள், அந்தந்த மொழியில் தாயோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆட்கள்.