கோவில் வளவில் உருண்ட பந்து

ஞாயிற்றுக்கிழமை என்றால் பல வீடுகளில் ஒரே கதைதான். பூசைக்கு மணி அடிக்கிறது, மகனைக் காணவில்லை. பந்தோடு போய்விட்டான். இல்லாவிட்டால் அடுத்த வீட்டு ரி.வி.க்கு முன்னால் கிரிக்கெற் பார்த்துக்கொண்டிருக்கிறான். "இந்தப் பந்து உனக்குச் சோறு போடுமோ?" என்று தாய் ஏசுகிறாள். தகப்பனோ பூசை முடிந்து வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாக "எத்தனை விக்கெற் விழுந்தது?" என்று விசாரிக்கிறார். மகனைத் திருத்துவதா, தகப்பனைத் திருத்துவதா என்று தாய்க்கு விளங்குவதில்லை.

இதிலே இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. ஒரு கிறிஸ்தவத் தாய் தகப்பன் தமது பிள்ளைகளோடு சேர்ந்து ஓர் அணியை நேசிப்பது தவறா? காணி, வீடு, கிணறு, தோட்டம் எல்லாவற்றையும் விட்டு வந்த எமக்கு விளையாட்டு ஒரு கேடா? இவற்றுக்கு விடை தேட, இடம்பெயர்வு இன்னதென்று அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைப் பார்ப்போம். அந்தக் குடும்பத்தின் மூத்த மகனை எம்மவர்களில் பலர் நேரில் கண்டிருக்கிறார்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி மடு அன்னையின் திருத்தலத்துக்கு வந்து, போரில் உறவுகளை இழந்த தமிழ், சிங்களக் குடும்பங்களோடு சேர்ந்து செபித்த திருத்தந்தை பிரான்சிஸ்தான் அவர்.

கோட்டுக்குள் தைத்த காசு

திருத்தந்தையின் தகப்பனார் மாரியோ பெர்கோலியோ இத்தாலியின் வடபகுதியான பியமொந்தைச் சேர்ந்தவர். அவரது குடும்பம் 1927இல் தென்னமெரிக்காவுக்குப் போகக் கப்பல் ரிக்கெற் எடுத்திருந்தது. சொத்தை உரிய காலத்தில் விற்க முடியாமற் போனதால் பயணம் தடைப்பட்டது. அவர்கள் ஏறவேண்டியிருந்த 'பிரின்சிபெஸா மாபால்டா' என்ற கப்பல் அவ்வாண்டு ஒக்டோபரில் பிரேசில் கரைக்கு அப்பால் மூழ்கியது. முந்நூறுக்கும் அதிகமானோர் மாண்டனர். குடும்பம் பின்னர் வேறொரு கப்பலில் புறப்பட்டு 1929இல் ஆர்ஜென்ரீனாவின் தலைநகர் புவனஸ் அயர்ஸில் இறங்கியது. அங்கே அது கொளுத்தும் கோடைகாலம். ஆனாலும் அப்பம்மா றோசா தடித்த உரோமக் கோட்டைக் கழற்றவில்லை. சொத்து விற்ற காசு அந்தக் கோட்டின் உட்துணிக்குள் தைக்கப்பட்டிருந்தது. காணி உறுதியையும் தாலிக்கொடியையும் மடியில் கட்டிக்கொண்டு நடந்த எமது தாய்மாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அங்கும் அவர்களுக்கு நிம்மதி கிட்டவில்லை. 1932ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் உறவினரோடு நடத்திய தொழில் நொடிந்தது. சலேசிய சபைக் குரு ஒருவர் ஒழுங்குசெய்து கொடுத்த 2,000 பெசோ கடனில் ஒரு சிறு கடையைப் போட்டு மறுபடியும் தொடங்கினார்கள். மாரியோ கணக்காளராக வேலை பார்த்தார். தன் ஊர்ப் பேச்சை அவர் பிள்ளைகளோடு பேசியதில்லை என்று திருத்தந்தை சொல்லியிருக்கிறார். மூத்த மகனுக்கு ஊர்ப் பேச்சையும் செபத்தையும் சொல்லிக்கொடுத்தது அப்பம்மாதான். விட்டு வந்த ஊரைப்பற்றிப் பேசாத தகப்பன்மார் எம்மிடையேயும் இருக்கிறார்கள் அல்லவா?

ஒரு குருவும் தெருப் பிள்ளைகளும்

அந்த நகரின் அல்மாக்ரோ பகுதியில், 1908ஆம் ஆண்டளவில், தெருவில் பந்தடித்துத் திரிந்த சிறுவர் கூட்டம் ஒன்று இருந்தது. ஒருநாள் பந்துக்குப் பின்னால் ஓடிய பையன் ஒருவன் ட்ராம் வண்டியில் அடிபடப் பார்த்து மயிரிழையில் தப்பினான். அதைக் கண்டவர் லொறென்சோ மாசா என்ற சலேசியக் குரு. அவர் பந்தைப் பறிக்கவில்லை, பிள்ளைகளைத் துரத்தவுமில்லை. "கோவில் வளவுக்குள் வந்து விளையாடுங்கள்" என்றார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: ஞாயிறு பூசைக்கு வரவேண்டும்.

அந்த வளவில் பிறந்ததுதான் சான் லொறென்சோ உதைபந்தாட்டக் கழகம். பிள்ளைகள் குருவின் பெயரையே வைக்க விரும்பினார்கள். அவரோ தமக்கு அந்தப் பெருமை வேண்டாமென்று மறுத்து, வேதசாட்சியான புனித லோறன்ஸ் தியாக்கோனின் பெயராகவும், 1813இல் அந்நாட்டின் விடுதலைப் போராட்டத்தில் நடந்த சான் லொறென்சோ சமரின் நினைவாகவும் அது இருக்கட்டும் என்று உடன்பட்டார். கழகத்தின் நீலமும் சிவப்பும் சகாய அன்னையின் ஆடை நிறங்கள் என்பர். குருவின் கறுப்பு அங்கியைக் கேலிசெய்து எதிரணியினர் 'காகங்கள்' என்று பட்டம் சூட்டினார்கள். கழகத்தவர் அதையே தமது செல்லப் பெயராக்கிக்கொண்டார்கள்.

மாரியோவும் றெஜினாவும் ஒருவரையொருவர் முதன்முதலாகக் கண்டதும் அதே புனித அந்தோனியார் செபக்கூடத்தில்தான். 1934இல் பூசைக்கு வந்த இடத்தில் சந்தித்து, 1935 டிசெம்பரில் மணமுடித்தார்கள். ஓராண்டில் மூத்த மகன் பிறந்தான். ஆக, அந்தக் குடும்பமும் அந்தக் கழகமும் ஒரே வளவில் முளைத்தவை. பூசையும் பந்தும் அங்கே ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை.

தகப்பன் பிடித்த கை

மாரியோ அந்தக் கழகத்தில் கூடைப்பந்து விளையாடியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 'கசோமெற்றோ' என்று அழைக்கப்பட்ட கழக மைதானத்துக்குப் போவார். 1946இல் சான் லொறென்சோ சம்பியனானபோது மகனுக்கு ஒன்பது வயது. அந்த ஆண்டு பார்த்த ஆட்டங்களை, விசேடமாக றெனே பொந்தோனி என்ற வீரர் போட்ட ஒரு கோலை, எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அவர் நினைவுகூர்ந்து பேசுவார்.

அவர் கெட்டிக்கார ஆட்டக்காரரும் அல்லர். தோற்பந்து வாங்க வசதியில்லாத காலம்; துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தே அவர்களுடையது. கால் வளையாதவன் என்று கூட்டாளிகள் அவரைப் பந்துகாப்பாளராக நிறுத்திவிடுவார்களாம். எந்தப் பக்கத்திலிருந்து பந்து வரும் என்று தெரியாமல், வருவதைத் தாங்க ஆயத்தமாக நிற்பதை அங்கேதான் கற்றதாகப் பிற்காலத்தில் சொன்னார். பழைய சீலையில் பந்து கட்டி விளையாடிய எமது பிள்ளைகளுக்கும் இந்தப் படிப்பினை பொருந்தும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தகப்பனால் பிள்ளைகளுக்குப் பரம்பரைக் காணி கொடுக்க முடியவில்லை. தான் பிறந்த ஊரைக் காட்டவும் முடியவில்லை. ஆனால் கையைப் பிடித்துப் பூசைக்குக் கூட்டிப்போக முடிந்தது. அதே கையைப் பிடித்து மைதானத்துக்கும் கூட்டிப்போக முடிந்தது. 'நீ இவர்களில் ஒருவன்' என்ற உணர்வை இரண்டு இடத்திலும் கொடுத்தார். ஊரை இழந்த பிள்ளைக்கு உணவுக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது இதுதான். நிவாரணப் பட்டியலில் அதற்கு இடமில்லை. தாய் தகப்பன்தான் அதைக் கொடுக்கவேண்டும்.

மைதானம் பறிபோனது

பின்பு அந்தக் கழகமே இடம்பெயர்ந்தது. 1976 முதல் 1983 வரை ஆர்ஜென்ரீனாவை இராணுவம் ஆண்டது. கழகம் கடனில் மூழ்கியிருந்தது. வீதி போடப்போகிறோம், வீடு கட்டப்போகிறோம் என்று நகர நிர்வாகம் நெருக்கியது. 1979 டிசெம்பரில் கசோமெற்றோவில் கடைசி ஆட்டம் நடந்தது, காணி கைமாறியது. வீதியும் வரவில்லை, வீடும் வரவில்லை. பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றுதான் எழும்பியது. 1981இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. சொந்த மைதானமில்லாமல் மற்றவர்களின் மைதானங்களில் விளையாடியது.

அந்த நேரத்தில் இரசிகர்கள் கலைந்து போயிருக்கலாம். அவர்களோ 1982இல், இரண்டாம் பிரிவு ஆட்டங்களுக்கே திரள் திரளாக வந்து நின்றார்கள். அவ்வாண்டே கழகம் மீண்டும் மேலே ஏறியது. 1993இல் வேறோர் இடத்தில் புதிய மைதானம் கிடைத்தது. அதோடு திருப்திப்பட்டு அவர்கள் பழைய மண்ணை மறக்கவில்லை. கூட்டம் கூடினார்கள், ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள். காணியை மீட்பதற்காகச் சதுர மீற்றர் கணக்கில் காசு சேர்த்தார்கள். 2012இல் நகர சட்டசபை அந்த நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. 2019இல் நிலம் கழகத்தின் கைக்கு வந்தது. கடைசி ஆட்டத்திலிருந்து நாற்பது ஆண்டுகள்! அந்த மைதானத்தைக் கண்ணால் காணாத பிள்ளைகள்தான் அதற்காக நடந்தவர்களில் பலர். பெற்றோர் சொன்ன கதையே அவர்களை நடக்க வைத்தது.

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் எரேமியா இறைவாக்கினர் அனத்தோத்தில் ஒரு வயலை வாங்கி, உறுதியை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார் என்று விவிலியத்தில் வாசிக்கிறோம். நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பதல்ல. பத்திரத்தைப் பாதுகாப்பதும் அதற்குள் அடங்கும். இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்பமுடியாமலிருக்கும் குடும்பங்கள் இதை மனதில் வைக்கவேண்டும். உறுதி, அனுமதிப்பத்திரம், வரி கட்டிய பற்றுச்சீட்டு எதுவானாலும் பிரதி எடுத்து வையுங்கள். எல்லை வேலி எங்கே ஓடியது, கிணறு எந்த மூலையில் இருந்தது, எந்த மரத்தை யார் நட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கதை அறிந்த பிள்ளைதான் நாளை கேட்பான்.

எது முதலில்?

இனி முதற் கேள்விக்கு வருவோம். விளையாட்டின்மேல் இவ்வளவு ஆசை வைத்தால் அது விக்கிரகமாகிவிடாதா? ஆகிவிடலாம். அதற்கும் இதே கதையில் மருந்துண்டு. 1990 ஜூலை 15ஆம் திகதி இரவு, கார்மேல் அன்னையின் திருநாளுக்கு முந்திய இரவு, இனித் தொலைக்காட்சி பார்ப்பதில்லை என்று பெர்கோலியோ சுவாமி அன்னைக்கு நேர்ந்துகொண்டார். திருத்தந்தையான பின்பும் அந்த நேர்த்தியைக் கைவிடவில்லை. கழகம் வென்றதா தோற்றதா என்பதை வத்திக்கானின் சுவிஸ் காவலர் ஒருவர்தான் வாரந்தோறும் அவருக்கு அறிவிப்பார். அணியை விடவில்லை, ஆனால் அணி தன்னை ஆள விடவுமில்லை.

2014 ஓகஸ்டில் சான் லொறென்சோ முதன்முறையாக லிபெர்ற்றடோரஸ் கிண்ணத்தை, அதாவது தென்னமெரிக்கக் கழகங்களுக்கான உயர்ந்த கிண்ணத்தை வென்றது. ஓகஸ்ட் 20ஆம் திகதி கழகத்தவர் அதைத் தூக்கிக்கொண்டு வத்திக்கானுக்கு வந்தார்கள். அதற்கு முதல்நாள்தான் திருத்தந்தையின் பெறாமகன் குடும்பம் வீதி விபத்தில் சிக்கி, தாயும் இரு சின்னஞ்சிறு பிள்ளைகளும் இறந்த செய்தி வந்திருந்தது. திருத்தந்தைக்கும் குடும்பம் உண்டு என்று சொல்லி, தமக்காகச் செபித்தவர்களுக்கு அவர் அன்று நன்றி கூறினார். கிண்ணத்தோடு வந்தவர்களையும் வரவேற்றார். கிண்ணம் துக்கத்தை ஆற்றவில்லை. துக்கம் வந்தவர்களை விரட்டவுமில்லை. வெற்றிக்கு அதற்குரிய இடம், கண்ணீருக்கு அதற்குரிய இடம், இரண்டுக்கும் மேலே செபம். அழிந்துபோகும் வாகைக்காக ஓடுவோரைக் காட்டி அழியாத வாகையைப்பற்றிப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதன் கருத்தும் இதுவே.

எமது வளவுகளில்

உதைபந்தாட்டமும் கோவிலும் சேர்ந்து வளர்வது எமக்குப் புதிதல்ல. நாவாந்துறை சென்.மேரிஸ், பாசையூர் சென்.அன்ரனிஸ் என்று எமது கழகங்கள் புனிதர்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆனபடியால் பெற்றோருக்கும் பங்குச் சபைகளுக்கும் சில வார்த்தைகள்.

கோவில் வளவிலிருந்து பந்தைத் துரத்தாதீர்கள். கண்ணாடி உடையும் என்று பயந்தால் வலை கட்டலாம். வளவுக்குள் வராத பிள்ளை றோட்டுக்குப் போவான். பங்கின் விளையாட்டுப் போட்டிகளைப் பூசை நேரத்திலும் மறைக்கல்வி நேரத்திலும் வைக்காதீர்கள். மாசா சுவாமியைப் போல ஒரு நிபந்தனையை அன்போடு வையுங்கள், பிள்ளைகள் மதிப்பார்கள்.

தகப்பன்மாரே, மகனை மட்டுமல்ல, மகளையும் மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். வெற்றியென்றும் தோல்வியென்றும் சாராயப் போத்தலைத் திறக்காதீர்கள். பந்தயம் கட்டிக் கூலிக்காசைத் தொலைக்காதீர்கள். எதிரணியின் இனத்தையும் ஊரையும் சொல்லித் திட்டினால் பிள்ளை பந்தடியைப் படிக்கமாட்டான், பகையைத்தான் படிப்பான். தகப்பன் ஓர் அணி, மகன் மற்ற அணி என்றால் அதுவும் நல்லதே. ஒரே பாயில் இருந்து பார்த்து, தோற்றவர் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கட்டும்.

தாய்மாரே, "பந்து சோறு போடுமோ?" என்ற உங்கள் கேள்வி நியாயமானதே. பந்து சோறு போடாது. ஆனால் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து நடந்துபோகும் அந்த ஒரு மைல் தூரத்தில், ஊரின் கதையும் குடும்பத்தின் கதையும் விசுவாசத்தின் கதையும் கைமாறும்.

2025 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். அகதிகளையும் இடம்பெயர்ந்தோரையும் மறவாதீர்கள் என்று உலகத்துக்கு ஓயாது சொல்லிவந்த அவர், தகப்பனின் கையைப் பிடித்து மைதானத்துக்குப் போன ஒரு குடியேறியின் பிள்ளை. இந்த வாரப் பூசை முடிந்ததும் உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி ஒரு நடை போய்வாருங்கள். பந்து இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.