தீவு மணலின் தோற்றமும் இழப்பும்: மன்னார் வளைகுடாப் பவளத் தீவுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே அமைந்துள்ள 21 தீவுகள், பெரும்பாலும் கடல்வாழ் உயிரினங்கள் உண்டாக்கிய சுண்ணாம்பு மணலாலும் பவளச் சிதைவுகளாலும் ஆனவை. அவற்றின் பரப்பு குறைந்து வருவது கடல்மட்ட உயர்வின் விளைவாகவே பொதுவெளியில் பேசப்படுகிறது. மணலை ஆக்கும் உயிரினங்களின் நிலையையும் மணலைக் கொண்டுசெல்லும் அலை, நீரோட்டங்களின் போக்கையும் ஒருசேரக் கணக்கிட்டாலன்றி அக்குறைவுக்கான காரணத்தை வரையறுக்க இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பவளத்திட்டு, வண்டல் வரவுசெலவு, வான் தீவு, பவள வெளிறல், கரையரிப்பு

முன்னுரை

மன்னார் வளைகுடா பற்றிய அறிவியல் ஆய்வுகள் நெடுங்காலமாக இரு தடங்களில் சென்றுள்ளன. உயிரியல் தடத்தில், குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் குறித்துச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்ட தொகுதி ஒரு தொடக்கப்புள்ளி. 1947-இல் நிறுவப்பெற்று மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பல்லாண்டுகள் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அப்பணியை விரிவாக்கியது. நிலவியல் தடத்தில், இராமேசுவரம் பகுதியில் கடல்மட்டத்திற்கு மேல் காணப்படும் பழம் பவளப்பாறைகளை இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனப்படுத்தினார்.

இவ்விரு தடங்களும் ஒன்றையொன்று தொட்ட இடங்கள் மிகச் சில. 1972-இல் புவியியலாளர் டேவிட் ஸ்டாடர்ட்டும் பவள வகைப்பாட்டியலாளர் சி. எஸ். கோபிநாத பிள்ளையும் இணைந்து இராமநாதபுரத்தின் உயர்ந்தெழுந்த பவளத்திட்டுகள் பற்றி எழுதிய கட்டுரை அவற்றுள் ஒன்று. பவள இனங்களை அறிந்தவரும் நிலவடிவங்களை அறிந்தவரும் ஒரே பாறையை நோக்கியதே அக்கட்டுரையின் வலிமை. இன்று தீவுகள் தேய்கின்றன என்ற செய்தி அடிக்கடி வெளிவரும் நிலையில் அத்தகைய இணைந்த பார்வையின் தேவை மிகுந்துள்ளது.

தீவுகளின் அடித்தளம்

பவளத் தீவு என்றவுடன் பாடநூல்கள் டார்வினின் 1842-ஆம் ஆண்டுக் கோட்பாட்டை முன்னிறுத்துகின்றன. எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்து வட்டத்தீவாகிறது என்பது அக்கோட்பாடு. பசிபிக்கில் உள்ள எனிவெட்டோக்கில் 1952-இல் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட சுண்ணாம்புப் பாறையின் அடியில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது அதனை உறுதிசெய்தது. மன்னார் வளைகுடாத் தீவுகள் இவ்வகையின அல்ல. இவை கண்டத்திட்டின் ஆழமற்ற நீரில், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பழம் பவளத்திட்டுகளின் மேல் குவிந்த தளர்வான மணல்மேடுகள். டார்வினின் மாதிரியை இங்குப் பொருத்திக் கூறும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது.

இராமநாதபுரக் கரையின் உயர்ந்த பவளத்திட்டுக்குக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஏறத்தாழ 4,000 ஆண்டு அகவை பெறப்பட்டுள்ளது. அக்காலத்தில் இப்பகுதியின் சார்புக் கடல்மட்டம் இன்றைக்குச் சற்று மேலே இருந்தது என்பது இதனால் பெறப்படும் கருத்து. நிலவியல் கால அளவில் இத்தீவுகள் மிக இளையவை. அவற்றின் மணல் இன்னும் இறுகிப் பாறையாகவில்லை.

தீவுகளின் பெயர்களும் இங்கு நோக்கத்தக்கன. காரைச்சல்லி, விலாங்குச்சல்லி, புழுவினிச்சல்லி என மூன்று தீவுகள் ‘சல்லி’ என முடிகின்றன. உடைந்த சிறு கற்களைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல் அது. தீவு எதனால் ஆனது என்பதைக் கடலோடிகள் பெயரிலேயே பதித்துள்ளனர் எனக் கொள்ள இடமுண்டு.

மணலின் மூலம்

ஆற்றுமணல் பாறை சிதைந்து உண்டாவது. அதில் குவார்ட்சு மிகுதி. பவளத் தீவின் மணலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் பெரும்பகுதி நுரைத்துக் கரைந்துவிடும். எஞ்சுவதே நிலத்திலிருந்து வந்த பங்கு. கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யத்தக்க இவ்வெளிய சோதனை, தீவின் பிறப்பிடம் நிலமன்று, கடலின் உயிர்த்தொகுதியே என்பதைக் காட்டும்.

அவ்வுயிர்த்தொகுதியில் பவளம் முதன்மையானது. எனினும் அது மட்டுமே இல்லை. ஹாலிமீடா என்னும் சுண்ணாம்புப் பாசி, ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிரிகள், சிப்பி, சங்கு முதலியவற்றின் ஓடுகள் ஆகியன நேரடியாக மணலாகின்றன. பவளமோ உடைக்கப்பட்ட பின்னரே மணலாகும். அவ்வேலையைச் செய்வன கிளிமீன்களும் கடல் முள்ளெலிகளும் துளையிடும் கடற்பஞ்சுகளும். கிளிமீன் பாசியை மேயும்போது பாறையையும் சுரண்டி விழுங்கி, அரைத்து, மணலாக வெளியேற்றுகிறது. மாலத்தீவின் வக்காரு தீவில் 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்குப் புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டிற்கு மேல் கிளிமீன்களின் பங்கு எனக் கணக்கிட்டது. இவ்விழுக்காட்டை மன்னார் வளைகுடாவிற்கு அப்படியே எடுத்தாள்வது பிழையாகும். இங்கு நீர் கலங்கலானது. பவள இனங்களின் சேர்க்கை வேறு. மீன்பிடி அழுத்தமும் வேறு. எடுத்தாள வேண்டியது அவ்வாய்வின் முறையை: எந்த உயிரினம் ஒரு சதுர மீட்டரில் ஆண்டொன்றுக்கு எத்தனை கிலோகிராம் சுண்ணாம்பை ஆக்குகிறது, எது எவ்வளவு அரிக்கிறது என இனவாரியாக எண்ணிக் கூட்டும் முறை அது.

இதனையே வண்டல் வரவுசெலவின் வரவுப்பக்கம் எனலாம். செலவுப்பக்கத்தில் அலைகளும் நீரோட்டங்களும் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர மணல் வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. தீவின் முனையிலுள்ள மணல்நாக்கு ஆண்டுதோறும் இடம்மாறுவது இதனால்தான். ஒரு பருவத்தின் செயற்கைக்கோள் படத்தை மற்றொரு பருவத்தின் படத்தோடு ஒப்பிட்டுத் தீவு தேய்ந்தது என்றோ வளர்ந்தது என்றோ கூறும் ஆய்வுகள் இக்காரணத்தால் ஐயத்திற்குரியன. ஓத அளவு ஒரு மீட்டருக்கும் குறைவாக உள்ள கடல் என்றாலும், சரிவு மிகக் குறைந்த கரையில் சில பத்து சென்டிமீட்டர் வேறுபாடே பரப்பில் பெரும் மாற்றமாகத் தோன்றும்.

இழப்பின் காலத்தாழ்வு

1969 முதல் 2018 வரையிலான கணக்கீடுகளின்படி தூத்துக்குடித் தொகுதித் தீவுகள் தம் பரப்பில் முக்கால் பங்கிற்கு மேல் இழந்துள்ளன. மண்டபம் தொகுதியின் இழப்போ ஐந்தில் ஒரு பங்கு அளவே. கடல்மட்ட உயர்வு 21 தீவுகளுக்கும் ஏறத்தாழ ஒன்றே. உலக அளவில் அண்மைக்கால உயர்வு ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒரே காரணம் இத்துணை வேறுபட்ட விளைவுகளைத் தர இயலாது. வேறுபாட்டை விளக்கும் காரணி அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும்.

அக்காரணி பவளம் வெட்டியெடுக்கப்பட்ட வரலாறு என்பதே வலுவான விளக்கம். சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லாகவும் தூத்துக்குடிப் பகுதியில் பல பத்தாண்டுகள் பவளம் அகழப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுடையவை. அவை கரையோர மணல் நகர்வைத் தடுத்ததன் விளைவும் தனியே ஆராயத்தக்கது.

பவளத்திட்டின் இழப்பு தீவின் இழப்பாக உடனே வெளிப்படுவதில்லை. ஆய்வாளர்கள் பெரிதும் தவறவிடும் இடம் இது. திட்டு இருவகையில் தீவைக் காக்கிறது: மணலை ஆக்குகிறது, அலையை உடைக்கிறது. பவளத்திட்டுகள் அலையாற்றலைச் சராசரியாக 97 விழுக்காடு குறைக்கின்றன என 2014-இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு கூறுகிறது. பவளம் இறந்தவுடன் அதன் கிளைகள் முறிந்து சல்லியாகிக் கரைக்கு வருகின்றன. இறந்த பரப்பில் பாசி படர, அதை மேயும் கிளிமீன்கள் பெருகி அரைப்பு வேலையும் கூடுகிறது. எனவே சில ஆண்டுகள் மணல் வரவு குறையாமலும், சிலபோது மிகுந்தும் காணப்படும். மாலத்தீவில் வெளிறலுக்குப் பிந்தைய ஆய்வுகள் இவ்வேற்றத்தைப் பதிவுசெய்துள்ளன. இது வருமானமன்று, முதலைக் கரைத்து உண்பது. திட்டு தட்டையாகி அலை தடையின்றிக் கரையை அடையும்போதுதான் இழப்பு கண்ணுக்குத் தெரியும்.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவள வெளிறல் கடுமையாக நிகழ்ந்தது. கடல்நீர் வெப்பம் உயர்ந்து நீடிக்கும்போது பவளம் தன் திசுவில் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி நிறமிழக்கிறது. உணவின் பெரும்பகுதியை அப்பாசிகளே தருவதால் பட்டினியில் மடிகிறது. 2016 நிகழ்வில் உயிர்ப்பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகச் சரிந்தது. மிகுதியாக மடிந்தவை அக்ரோபோரா, மாண்டிபோரா போன்ற விரைந்து வளரும் இனங்கள். வரவுப்பக்கத்தில் பெருந்தொகை ஈட்டுபவையும் அவையே. மண்டபம் தொகுதியின் குறைந்த இழப்பை இப்பின்னணியில் நிறைவோடு நோக்க இயலவில்லை.

வான் தீவு

1969-இல் ஏறத்தாழ 20 ஹெக்டேராக இருந்த வான் தீவு 2015 அளவில் 2 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கியது. அதன்பின் தமிழ்நாடு அரசு, தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியன இணைந்து, துளைகளுடைய சரிவக வடிவக் கான்கிரீட் அமைப்புகளைத் தீவின் கடல்முகப் பக்கத்தில் இறக்கின. அரிப்பு தணிந்தது, மணல் மீண்டும் சேரத் தொடங்கியது.

இம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும் கான்கிரீட் அமைப்பு அலையை உடைக்கும், மணலை ஆக்காது. அங்குச் சேரும் மணல் வேறிடத்திலிருந்து நகர்ந்து வந்ததாகவும் இருக்கக்கூடும். அவ்வாறாயின் வான் தீவின் ஆதாயம் மற்றொரு தீவின் இழப்பாகும். கான்கிரீட்டின் மேல் பவள இளவுயிரிகள் ஒட்டி வளர்ந்து சுண்ணாம்பு படியத் தொடங்கினால் மட்டுமே வரவுப்பக்கம் திறக்கும். அதனை அளக்கப் பரப்புக் கணக்கு போதாது. கரையில் சேர்ந்த மணலின் மாதிரிகளை நுண்ணோக்கியில் பிரித்து, பவளத்துகள் எத்தனை, ஹாலிமீடா எத்தனை, குவார்ட்சு எத்தனை என எண்ணுவதும், துகள்களின் கூர்மையைக் கொண்டு அவை புதியனவா நெடுநாள் உருண்டனவா எனக் காண்பதும் தேவை. அப்பணிக்கு ஒரு பவள வகைப்பாட்டியலாளரும் ஒரு வண்டலியலாளரும் ஒரே மேசையில் அமர வேண்டும். காரைச்சல்லித் தீவிலும் இத்தகைய மீட்புப் பணி மேற்கொள்ளப்படும் சூழலில், அமைப்புகளை இறக்குவதற்கு முன்னரே தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மணல் மாதிரிகளைச் சேகரித்து வைத்தல் முதற்பணியாகும். இறக்கிய பின் அந்த அடிப்படை அளவை மீண்டும் பெற வழியில்லை.