கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி அழுகாமல் இருக்க



காப்பி, மிளகு, பலா என்று வழக்கமாகப் பேசுகிற நேரத்தில் இன்றைக்குக் கண்ணாடித் தொட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கரடியூர் பக்கத்திலும் ஏற்காட்டிலும் பல வீடுகளில் பிள்ளைகள் மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போகிறவர்கள் மீனோடு நீர்ச்செடியும் வாங்கி வருகிறார்கள். மீன் பிழைத்துக் கொள்கிறது. செடி மட்டும் பத்து நாளில் கூழாகிப் போகிறது. “நம்ம ஊர் தண்ணி ஒத்துக்கலீங்க” என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் தண்ணீர் மேல் குற்றமில்லை, செடியும் சாகவில்லை. போட்ட காசுதான் குப்பைக்குப் போகிறது.

கடையில் விற்கிற செடிகளில் பெரும்பாலானவை தண்ணீருக்குள் வளர்ந்தவை அல்ல. ஈரமான நிழல் குடிலில், வேர் மட்டும் நீரில் நனைய, இலை காற்றில் இருக்கும்படி வளர்த்தவை. காற்றில் வளரும் இலைக்கு மேலே மெழுகுப் பூச்சு உண்டு, மூச்சுவிடும் துளை உண்டு. தண்ணீருக்குள் அமுக்கியதும் அந்த இலையால் வேலை செய்ய முடியாது, அழுகி விழும். பிறகு அதே வேரிலிருந்து மெல்லிய புது இலை வரும். அதுதான் நீருக்கு ஏற்ற இலை. நாற்றங்கால் நிழலில் நின்ற காப்பி நாற்றைத் திடீரென்று வெயிலில் வைத்தால் இலை வெந்துபோவதில்லையா? அதே கதைதான். கிழங்கும் வேரும் கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் பிடுங்காதீர்கள். அழுகிய இலையைக் கத்தரித்து எடுத்துவிட்டு மூன்று, நான்கு வாரம் பொறுத்திருங்கள்.

இப்படி அழுகுவதில் பேர்போனது கிரிப்டோகோரைன். இது நம்முடைய சேம்பு, சேனைக்கிழங்கு குடும்பம். இலங்கை ஓடைகளில் இதில் பல வகைகள் இயற்கையாக உண்டு. நம் நாட்டிலும் உண்டு. சித்த மருந்துக் கடையில் நாட்டு அதிவிடயம் என்று தருகிற கிழங்கு இந்த இனத்தில் ஒன்றுதான். இடம் மாற்றினால் கோபித்துக் கொள்ளும் செடி இது. ஒருமுறை ஊன்றினால் ஊன்றியதுதான். வாரத்துக்கொரு முறை அழகு பார்த்து இடம் மாற்றினால் ஒவ்வொரு முறையும் இலையைக் கொட்டிவிடும்.

இன்னொன்று கொட்டி. கொட்டிக்கிழங்கு என்று ஏரி, குளத்தில் எடுத்து வேகவைத்துத் தின்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அதற்கு மடகாஸ்கர் தீவில் ஒரு பங்காளி உண்டு. இலையில் நரம்பு மட்டும் இருக்கும், இடையில் சதை இருக்காது, மீன்வலை மாதிரி. பூச்சி தின்றதல்ல, இலை விரியும்போதே நடுச்சதை தானாக மடிந்து துளையாகிறது. பார்க்க அழகு, வளர்க்கக் கடினம். வெப்பத்தைத் தாங்காது. சமவெளிக் கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடு ஏற ஏற செடி தன் மாவுச்சத்தைத் தானே எரித்துத் தீர்க்கும். விளக்கு வெளிச்சத்தில் அது சம்பாதிப்பதோ கொஞ்சம். வரவு எட்டணா, செலவு பத்தணா என்றால் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கும் நமக்கு இதிலே இயற்கையே துணை. 20, 22 டிகிரி நீரில் இந்த வலைக்கொட்டி சுகமாக இருக்கும். ஆனால் வளர்ந்து கொண்டே இருந்துவிட்டு ஒரு பருவத்தில் இலையெல்லாம் உதிர்த்து ஓய்வெடுக்கும். செத்துவிட்டது என்று கிழங்கை எறியாதீர்கள், அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது.

தொட்டி அமைப்பைச் சொல்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். நிரப்பினால் தண்ணீர் மட்டும் 56 கிலோ இருக்கும், ஆகவே ஆடும் மேசையில் வைக்க வேண்டாம். அடியில் ஓர் அங்குலம் சலித்த தோட்டத்து மண், மேலே இரண்டு அங்குலம் கழுவிய பருமணல். தோட்டத்து மண் நல்லதுதானே என்று இலைமக்கையும் சாணத்தையும் சேர்த்துப் போட்டால், தழைச்சத்து அதிகமான வடிகாலற்ற வயல் மாதிரி அடிமண் கறுத்து அழுகிய முட்டை வாடை வீசும். வேர் அதிலேயே வெந்துவிடும். யூரியாவைத் தொடவே வேண்டாம். மீனுக்கு ஆபத்து, பாசிக்குக் கொண்டாட்டம். மணலில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மணல், தண்ணீரைக் கடினமாக்கிவிடும், வேண்டாம். அடிவாரத்தில் சேலத்துச் சுண்ணாம்புக்கரடு பக்கத்துக் கிணற்று நீரில் மக்னீசியம் கரைந்து வரும். அங்குள்ள உறவினர்கள் மழைநீரைக் கலந்துகொள்வது நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் ஒருநாள் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள்.

கிழங்கை முழுக்கப் புதைக்காதீர்கள். குருத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும். ஜன்னல் வெயில் நேரே விழக்கூடாது. எல்.இ.டி. விளக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம். கண்ணாடியில் பாசி படிந்தால் முதலில் விளக்கு நேரத்தைக் குறையுங்கள், கரியமில வாயுவைத் தேடி ஓடாதீர்கள். சர்க்கரையையும் ஈஸ்டையும் பாட்டிலில் ஊறவைத்துக் குழாய் வழியே வாயு விடுகிறவர்கள் உண்டு. பலன் இருக்கிறது, ஏனென்றால் அந்த வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். ஆனால் அளவு மீறினால் இரவில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். மேலே சொன்ன இரண்டு செடிக்கும் அது கட்டாயமில்லை. மார்கழி, தை இரவில் தொட்டியைச் சுற்றிப் போர்வை போட்டால் போதும். தங்கமீன் குளிர் தாங்கும், ஆனால் செடியைப் பிடுங்கித் தின்னும். நம் ஓடைகளுக்குச் சொந்தமான வரிக்குதிரை மீன் பத்து விட்டால் தொந்தரவில்லை. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

நம் மலையில் தனியாகச் சொல்ல வேண்டியது மயில்துத்தம். காப்பி இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை கரைக்கிறோம். கரைத்த டிரம்மிலோ வாளியிலோ தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கவே கூடாது, எத்தனை முறை கழுவினாலும் சரி. தாமிரம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் மென்மையான இலை முதலில் கருகும், நத்தையும் இறாலும் சாகும். மருந்தடித்த கையோடு தொட்டியில் கை வைக்கிற பழக்கமும் வேண்டாம். தொட்டிக்கென்று ஒரு வாளி, ஒரு குழாய், தனியாக இருக்கட்டும்.

கத்தரித்த செடியை ஓடையில் வீசாதீர்கள். ஏற்காடு ஏரி நிரம்பினால் கிளியூர் அருவி வழியே கீழே போகிறது. தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்கிறோம். கபொம்பா என்ற தொட்டிச் செடியும் அந்தக் கண்டத்திலிருந்து வந்து இன்று கேரளத்து நீர்நிலைகளில் அடைத்து நிற்கிறது. ஒரு துண்டுத் தண்டு போதும், முளைத்துவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போடுங்கள். அதேபோல் காட்டு ஓடையிலிருந்து செடி பிடுங்கி வரவும் வேண்டாம். வனத்துறைச் சட்டம் இருக்கிறது.

“வளர்த்து விற்கலாமா ஐயா?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். விற்கலாம். முதலில் ஒரே தொட்டியில் ஒரே வகையை ஓராண்டு காப்பாற்றிக் காட்டுங்கள். கோடை, மழை, குளிர் மூன்றையும் அந்தச் செடி தாண்டி, பக்கக் கன்று விட்டால், அந்தக் கன்றை எடுத்து இரண்டாவது தொட்டி வையுங்கள். அதற்கு முன்னால் கடன் வாங்கிக் கண்ணாடி அடுக்க வேண்டாம்.