பழைய உழவு இயந்திரத்திற்கு ஏற்ற பற்றரி வடங்கள்

மழை பெய்து நிலம் பதமாயிருக்கும் வேளையில் உழவு இயந்திரம் இயங்க மறுப்பின் கமக்காரருக்கு உண்டாகும் நட்டம் சிறிதன்று. அப்போது பற்றரியைக் குறைகூறிப் புதியதொன்றை வாங்குவோர் பலர். ஆயின் குற்றம் பல வேளைகளிற் பற்றரியில் அன்று, அதனை ஸ்ராட்டர் மோட்டாருடன் இணைக்கும் வடங்களிலேயே இருக்கும்.

வடத்தின் பருமன்

ஸ்ராட்டர் சுழலும்போது ஏறத்தாழ 300 அம்பியர் மின்னோட்டம் செல்லலாம். 16 சதுர மில்லிமீற்றர் செம்புள்ள வடம் போக வர 2 மீற்றர் நீளமாயின், அதில் மட்டும் 0.6 வோல்ற்றுக்கு மேல் வீணாகும். 50 சதுர மில்லிமீற்றர் வடமாயின் இழப்பு 0.2 வோல்ற்றளவே. ஆகவே 12 வோல்ற்று டீசல் இயந்திரத்திற்கு 50 சதுர மில்லிமீற்றர் வடம் ஏற்றது.

1946 முதல் 1956 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட பெர்குசன் ரி.ஈ.20 வகையில் முந்தியவை 6 வோல்ற்றில் இயங்கின. அழுத்தம் பாதியாயின் அதே வேலைக்கு மின்னோட்டம் இருமடங்கு வேண்டும். எனவே 6 வோல்ற்று இயந்திரத்திற்கு 70 சதுர மில்லிமீற்றர் வடமே நன்று.

மேலுறையின் தடிப்பைக் கண்டு ஏமாறலாகாது. உள்ளிருக்கும் செம்பையே நோக்குதல் வேண்டும். மெல்லிய இழைகள் பல கொண்ட ஒட்டுவேலை வடம் எளிதில் வளையும், அதிர்வையும் தாங்கும்.

முனைகளை அறிதல்

பழைய பிரித்தானிய உழவு இயந்திரங்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே இயந்திர உடலுடன் தொடுக்கப்பட்டுள்ளது. கழற்றுமுன் இதனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பிற்காலத்தில் ஓல்டனேற்றர் பொருத்திய இயந்திரத்தில் முனைகளை மாற்றித் தொடுப்பின் அது உடனே பழுதாகும்.

பொருத்தும் முறை

1. உடலுடன் தொடுத்த வடத்தையே முதலிற் கழற்றி, இறுதியிற் பூட்டுதல் வேண்டும். இம்முறை தவறின், ஸ்பனர் இரும்பிற் பட்டுத் தீப்பொறி எழலாம். பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு வெடிக்கக்கூடியதாதலின், அருகிற் சுருட்டுப் புகைத்தலும் ஆகாது.

2. வடம் உடலைத் தொடும் இடத்தில் வண்ணப்பூச்சையும் துருவையும் சுரண்டி, உலோகம் பளிச்சிடச் செய்தல் வேண்டும்.

3. வடத்தின் நுனியிற் செம்பு வளையத்தை உரிய கருவியால் இறுக நசுக்கிப் பொருத்துதல் வேண்டும். சுத்தியலால் அடித்தல் போதாது.

4. புகைக்குழாய்க்கும் கூரிய விளிம்புகளுக்கும் விலக்கி வடத்தைக் கொண்டுசென்று, இடையிடையே கவ்விகளால் நிறுத்துதல் வேண்டும்.

5. இறுக்கியபின் முனைகளிற் கிறீஸ் பூசுதல் வேண்டும்.

சோதித்தல்

வோல்ற்றுமானியின் ஒரு நுனியைப் பற்றரி முனையிலும், மறு நுனியை அவ்வடம் சேரும் ஸ்ராட்டர் முனையிலும் வைத்து ஸ்ராட்டரைச் சுழற்றுக. அரை வோல்ற்றுக்கு மேல் காட்டின் வடமோ இணைப்போ குற்றமுடையது. உடலுடன் தொடுத்த பக்கத்தையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும்.

புதிய பற்றரிக்குப் பணம் செலவிடுமுன் இச்சிறு சோதனையைச் செய்வோர் வீண்செலவையும், உழவு தவறுவதால் வரும் நட்டத்தையும் தவிர்ப்பர்.