உலகம் அஞ்சும் நாடா, மக்கள் வாழும் நாடா?

மாஸ்கோவின் கருத்துக்கணிப்பு நிறுவனமான லெவாடா மையம் பல ஆண்டுகளாக ரஷ்யர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவருகிறது. உங்கள் நாடு மற்றவர்கள் மதித்து அஞ்சும் வல்லரசாக இருக்க வேண்டுமா, அல்லது பெரிய பலம் இல்லாவிட்டாலும் மக்கள் வசதியாக வாழும் நாடாக இருந்தால் போதுமா? கிரிமியா ரஷ்யாவுடன் இணைக்கப்பட்ட 2014 மார்ச்சில் பதில்கள் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தன. 2021 ஆகஸ்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் வசதியான வாழ்க்கையின் பக்கம் நின்றார்கள்.

வல்லரசு வெறி ரஷ்யர்களின் ரத்தத்திலேயே ஊறியது என்று அடித்துப் பேசுகிறவர்களை இந்த விவரம் யோசிக்க வைக்க வேண்டும். கிரிமியாவுக்குப் பிறகு அதிபர் புதினின் செல்வாக்கு 80 சதவீதத்தைத் தாண்டியது உண்மை. 2018-ல் ஆண்களின் ஓய்வு வயதை 60-லிருந்து 65-ஆக உயர்த்த அரசு முனைந்ததும் அதே செல்வாக்கு மளமளவெனச் சரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான லெவாடா கணிப்பில் 66 சதவீதத்தினர் சோவியத் யூனியன் சிதைந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் முதலில் சொன்ன காரணம், ஒன்றுபட்ட பொருளாதாரம் அழிந்துபோனது என்பதுதான். வல்லரசுப் பெருமையை இழந்த வருத்தம் அதற்கு அடுத்தபடிதான் வந்தது. 1990-களில் சேமிப்பெல்லாம் கரைந்துபோன குடும்பங்களின் பதில் அது.

பெருமிதம் இல்லாமலும் இல்லை. அதன் ஆணிவேர் இரண்டாம் உலகப் போர். சோவியத் நாடு பலிகொடுத்த உயிர்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம். சாவு விழாத வீடுகள் குறைவு. 2012-ல் சைபீரியாவின் டோம்ஸ்க் நகரத்துப் பத்திரிகையாளர்கள் மூவர் ‘அழியாப் படை’ என்ற ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். மே 9 வெற்றி நாளில் அவரவர் தாத்தா, பாட்டியின் போர்க்காலப் படத்தைப் பெரிதாக்கி, கம்பில் பொருத்தி ஏந்தி நடக்க வேண்டும். அரசோ, கட்சியோ, வணிக நிறுவனமோ இதற்குள் வரக் கூடாது என்பது அவர்கள் வகுத்த விதி. 2015-ல் மாஸ்கோ ஊர்வலத்தின் முன்வரிசையில் தந்தையின் படத்தோடு புதினே நடந்தார். வீட்டுத் துக்கம் அரசு விழாவாகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை, புதின் ஆட்சி தன் மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் மிக அந்தரங்கமானது இதுதான். உக்ரைன் போர் தொடங்கியபின், நாஜிகளோடு மீண்டும் போரிடுகிறோம் என்று அரசு சொன்னபோது, அந்தப் படங்களும் அதற்குச் சாட்சிக்கு இழுக்கப்பட்டன.

இன்றைய கருத்துக்கணிப்புகளைக் கவனமாகவே படிக்க வேண்டும். ராணுவத்தைப் பற்றி ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை என்று 2022 மார்ச்சில் சட்டம் வந்தது. லெவாடா மையமே 2016 முதல் ‘அந்நிய ஏஜெண்ட்’ பட்டியலில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தட்டிக் கேட்கும்போது எத்தனை பேர் மனதில் உள்ளதைச் சொல்வார்கள்? ஆனாலும் அந்தக் கணிப்புகளில் ராணுவ நடவடிக்கையை ஆதரிப்போர் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே, பேச்சுவார்த்தை தொடங்கட்டும் என்போரும் பல மாதங்களில் பாதியைத் தாண்டியிருக்கிறார்கள். கணக்கைக் கூட்டிப் பார்த்தால், பலர் இரண்டையுமே சொல்கிறார்கள்.