பகிரப்பட்ட பிடிஎப் மெய்நிகர் அச்சுப்பொறி

பகிரப்பட்ட பிடிஎப் மெய்நிகர் அச்சுப்பொறி என்பது, ஒரு வலையமைப்பிலுள்ள பல கணினிகளிலிருந்து வரும் அச்சுப்பணிகளைத் தாளில் அச்சிடாமல் பிடிஎப் கோப்புகளாக மாற்றிச் சேமிக்கும் மென்பொருள் அமைப்பு ஆகும். பயனருக்கு இது மற்ற அச்சுப்பொறிகளைப் போலவே பட்டியலில் தெரியும். ஆனால் அதன் பின்னால் மையும் தாளும் கொண்ட பொறி எதுவும் இல்லை. லினக்ஸ் கணினி ஒன்றில் கப்ஸ், கப்ஸ்-பிடிஎப் ஆகிய கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு இதை அமைக்கும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

தேவை

பிடிஎப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 2008இல் அது ஐஎஸ்ஓ 32000 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. இன்று லிப்ரே ஆபீஸ் போன்ற செயலிகள் நேரடியாகவே பிடிஎப் உருவாக்குகின்றன. விண்டோஸ் 10இலும் அதற்கான மெய்நிகர் அச்சுப்பொறி உள்ளது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் கோப்பின் பெயரைக் கேட்டுத் திரையில் ஒரு பெட்டியைத் திறப்பதால் வலையமைப்பில் பகிர்வதற்கு ஏற்றதன்று. பிடிஎப் வசதி இல்லாத பழைய செயலிகள் பயன்படும் இடங்களிலும், பல கணினிகளின் ஆவணங்களை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டிய பள்ளி ஆய்வகம், நூலகம், சிறு அலுவலகம் போன்றவற்றிலும் பகிரப்பட்ட அமைப்பு உதவும்.

செயல்படும் முறை

பயனரின் கணினியிலுள்ள அச்சு இயக்கி, ஆவணத்தைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழியில் எழுதி வழங்கிக் கணினிக்கு அனுப்புகிறது. அங்குள்ள கப்ஸ் அதை வரிசையில் நிறுத்துகிறது. வழக்கமாக வரிசையின் முடிவில் அச்சுப்பொறி இருக்கும். இங்கு அதற்குப் பதிலாகக் கப்ஸ்-பிடிஎப் இருக்கிறது. அது கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் மென்பொருளின் துணையால் ஆவணத்தைப் பிடிஎப் ஆக்கி, குறிப்பிட்ட கோப்புறையில் எழுதுகிறது.

அமைக்கும் படிகள்

1. டெபியன் அல்லது உபுண்டு இயங்குதளமுள்ள கணினி ஒன்றை வழங்கியாகக் கொண்டு, அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து கப்ஸ், கப்ஸ்-பிடிஎப் பொதிகளை நிறுவ வேண்டும். நிறுவியதும் ‘பிடிஎப்’ என்ற பெயரில் அச்சு வரிசை ஒன்று பொதுவாகத் தானே உருவாகும்.

2. வழங்கியிலிருந்தே ஓர் ஆவணத்தை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பயனரின் இல்லக் கோப்புறைக்குள் ‘பிடிஎப்’ என்னும் உட்கோப்புறையில் கோப்பு தோன்றினால் அடிப்படை சரியாக உள்ளது. இந்தச் சோதனை வெற்றி பெறாமல் பகிர்வுக்குச் செல்லக் கூடாது.

3. வழங்கியின் உலாவியில் 631ஆம் துறையில் திறக்கும் கப்ஸ் நிர்வாகப் பக்கத்தில், அச்சுப்பொறிகளைப் பகிரும் தெரிவை இயக்க வேண்டும். குறிப்பிட்ட வரிசைக்கும் பகிர்வு இயக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். தீயரண் இருந்தால் உள் வலையமைப்புக்கு மட்டும் 631ஆம் துறையைத் திறக்க வேண்டும். இணையத்திற்குத் திறக்கக் கூடாது.

4. விண்டோஸ் கணினிகளில் இணைய அச்சு வசதியை இயக்கி, வழங்கியின் முகவரி, துறை எண், வரிசையின் பெயர் ஆகியவற்றைக் கொடுத்துப் புதிய அச்சுப்பொறியைச் சேர்க்க வேண்டும். இயக்கி கேட்கப்படும்போது போஸ்ட்ஸ்கிரிப்ட் வகைப் பொது இயக்கியைத் தெரிவு செய்ய வேண்டும்.

5. உருவான கோப்புகளைப் பயனர்கள் எடுத்துக்கொள்ள, சம்பா மென்பொருள் மூலம் கோப்புறைகளைப் பகிர வேண்டும்.

கோப்பு யாரிடம் சேர்கிறது?

தாளில் அச்சிட்டால் அச்சுப்பொறியருகே சென்று எடுத்துக்கொள்கிறோம். பிடிஎப் கோப்போ வழங்கியின் ஏதோ ஒரு கோப்புறையில் விழுகிறது. அங்கே அதை யாரெல்லாம் திறக்க முடியும் என்பதை அமைப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அச்சுப்பணியுடன் வரும் பயனர் பெயரில் வழங்கியில் கணக்கு இருந்தால், கோப்பு அவருடைய இல்லக் கோப்புறைக்குச் செல்லும். இயல்பான அமைப்பில் அவர் மட்டுமே அதைப் படிக்கலாம். அப்பெயரில் கணக்கு இல்லையெனில், பெயரிலிகளுக்கான பொதுக் கோப்புறைக்குச் செல்லும். அங்கு உருவாகும் கோப்புகளை எவரும் படிக்கவும் மாற்றவும் கூடிய வகையில் இயல்பு அனுமதிகள் உள்ளன. அந்தக் கோப்புறையை அப்படியே வலையமைப்பில் பகிர்ந்தால், ஒருவரின் மருத்துவச் சான்றிதழையோ மதிப்பெண் பட்டியலையோ மற்றவர் அனைவரும் திறந்து பார்க்கலாம்.

இன்னோர் இடரும் உண்டு. கோப்பின் பெயர் ஆவணத்தின் தலைப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. இரண்டு மாணவர்கள் பெயரிடாத ‘ஆவணம் 1’ என்பதை அடுத்தடுத்து அச்சிட்டால், பொதுக் கோப்புறையில் இரண்டாமவரின் கோப்பு முதலாமவரின் கோப்பை அழித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இவற்றைத் தவிர்க்கும் வழிகள்:

• ஒவ்வொரு பயனருக்கும் வழங்கியில் கணக்கு உருவாக்கி, அதே பயனர் பெயரை விண்டோசிலும் வைத்தல்.
• சம்பாவில் ஒவ்வொருவருக்கும் அவரவர் இல்லக் கோப்புறையை மட்டும் கடவுச்சொல்லுடன் பகிர்தல்.
• கப்ஸ்-பிடிஎப் அமைப்புக் கோப்பில், எல்லாக் கோப்புப் பெயர்களுடனும் பணி எண்ணைச் சேர்க்கும் தெரிவை இயக்குதல்.
• கப்ஸில் பயனர் சரிபார்ப்பை இயக்குதல். இல்லாவிடில் அனுப்பும் கணினி சொல்லும் பெயரே அப்படியே நம்பப்படும்.

உபுண்டுவில் சேமிப்பு இடத்தை மாற்றியபின் கோப்பு உருவாகாமல் போவதுண்டு. ஆப்-ஆர்மர் என்னும் பாதுகாப்பு அமைப்பு புதிய இடத்தில் எழுதத் தடை விதிப்பதே பெரும்பாலும் காரணம். அதற்கென உள்ள விதிக் கோப்பில் புதிய இடத்தையும் சேர்க்க வேண்டும். ஆப்-ஆர்மரையே நிறுத்திவிடுவது தீர்வாகாது.

தமிழ் ஆவணங்கள்

எழுத்துரு பிடிஎப்புக்குள் பொதியப்படுவதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியிலும் தமிழ்ப் பக்கம் சிதையாமல் தெரியும். ஆனால் அச்சு வழியில் எழுத்துகளின் வடிவங்களே முதன்மையாகச் செல்கின்றன. அவற்றுக்குரிய ஒருங்குறித் தகவல் தொலைந்துபோகலாம். அப்போது கண்ணுக்குச் சரியாகத் தெரியும் ஆவணத்தில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. படியெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகள் வரும். ஆவணத்தின் தலைப்பு தமிழில் இருந்தால், கோப்புப் பெயரில் அவ்வெழுத்துகள் அடிக்கோடுகளாக மாறவும் கூடும். பணி எண்ணைச் சேர்த்திருந்தால் அப்போதும் கோப்பை அடையாளம் காணலாம்.

எனவே தேடலுக்கும் நெடுங்காலப் பாதுகாப்புக்கும் உரிய தமிழ் ஆவணங்களை, இயலுமிடத்தில் செயலியிலிருந்தே நேரடியாகப் பிடிஎப் ஆக்குவது நல்லது. அதனால் உள்ளிணைப்புகளும் பொருளடக்கக் குறிகளும்கூட நிலைக்கும். அந்த வசதி இல்லாத செயலிகளுக்குப் பகிரப்பட்ட மெய்நிகர் அச்சுப்பொறி ஏற்றது.