அணைந்த கணினிக்கு அனக்ரான்

திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் சுந்தரர் கிழித்தது படியோலைதான்; மூல ஓலை பத்திரமாக இருந்ததால், அவரைத் தன் அடிமை என்று வழக்காடிய முதியவர் வென்றார் என்கிறது பெரியபுராணம். கணினிக் கோப்புகளுக்கும் அப்படியொரு பிரதி வேண்டும். அதைத் தவறாமல் எடுக்கும் பொறுப்பை மனித நினைவிடம் விடக்கூடாது. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் இதற்கென்றே 'கிரான்' இருக்கிறது: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்தையும் நிரப்பினால் குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும்.

ஆனால் கணினி எந்நேரமும் ஓடும் என்ற நம்பிக்கையில் அமைந்தது கிரான். இரவு 2 மணிக்கு வேலையைக் குறித்துவிட்டு, மாலையிலேயே கடையைப் பூட்டி மின்சாரத்தை அணைத்தால் அந்த வேலை நடக்காது. மறுநாள் காலையிலும் கிரான் அதைத் தேடாது. தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சி-டாக் உருவாக்கிய, டெபியன் வழிவந்த பாஸ் லினக்ஸும் இருந்தது. அடிக்கடி அணைத்து வைக்கும் இத்தகைய கருவிகளுக்கு 'அனக்ரான்' நிறுவுவதே சரி என்பேன். டெபியன் குடும்பத்தில் அதற்கு 'ஆப்ட்' கட்டளை ஒரு வரி போதும். வேலை கடைசியாக நடந்த தேதியை அனக்ரான் குறித்துவைத்து, கணினி விழித்ததும் விட்டுப்போனதைச் செய்கிறது. ஒரு நாளுக்குக் குறைந்த இடைவெளியை அது அறியாது என்பது உண்மையான குறை. மணிக்கணக்கு வேலைகளுக்குக் கிரானே இருக்கட்டும். லினக்ஸின் சிஸ்டம்டி டைமர் போதுமே என்பாரும் உண்டு. போதும்தான், அதில் 'பெர்சிஸ்டென்ட்' என்ற வரியைச் சேர்த்தால். சேர்க்காவிட்டால் தவறிய வேலை அங்கும் தவறியதுதான்.